கறுப்பர் பட்டணத்து அலை

2014 ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு, கோட்டைக்கு வடக்கே போகும் பெரிய சாலையின் நடுவில் பதினேழு பேர் கால் இடறி விழுந்தார்கள். பதினெட்டாவதாக வந்த தேசராணி விழவில்லை.

விழுந்தவர்கள் எழுந்து பார்த்தபோது இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தார்கள். வானத்தில் மேகம் இல்லை, குழாய் எதுவும் உடையவில்லை, தார்ச்சாலை காய்ந்து கிடந்தது, ஆனால் ஒரு பால்காரர் தன் விரலை நக்கிப் பார்த்துவிட்டு உப்பு என்றார், அவர் சொல்லி முடிக்கும் முன்பே இரைச்சலோடு ஏதோ ஒன்று வந்து எல்லோருடைய முழங்காலிலும் மோதி அவர்களை மறுபடியும் உட்கார வைத்தது. காதுக்குக் கேட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டர்கள் மூச்சடைத்து நின்றன. மாநகரப் பேருந்து ஒன்று சாலையின் நடுக்கோட்டைத் தொட்டதும் பக்கவாட்டில் தள்ளப்பட்டு வந்த திசைக்கே திரும்பி நின்றது; ஓட்டுநரின் மடியில் ஒரு பிடி கடற்பாசி கிடந்தது. சுற்றிப் போகலாம் என்று வடக்கே நடந்தவர்களுக்கு வடக்கேயும் தெற்கே நடந்தவர்களுக்குத் தெற்கேயும் அலை இருந்தது. மேம்பாலத்தில் ஏறியவர்களுக்கு மேம்பாலத்தின் மேலேயும் இருந்தது.

தேசராணி தலையில் மீன்கூடையோடு அதற்குள் இறங்கி, தன் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்து, அக்கரையில் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். நாற்பத்தாறு வயது, அகன்ற தோள், எண்ணெய் வைத்தாலும் தண்ணீர் பட்டாலும் நேராகாத நெருக்கமான சுருட்டை முடி. விழுந்து கிடந்தவர்களில் ஒரு வங்கி ஊழியை கைப்பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தேசராணி அவள் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினாள்.

"ஏறிக்கோ பாப்பா. உப்புமூட்டை. கெட்டியா புட்ச்சிக்கோ, கழுத்தை நெரிக்காதே."

அந்த இடத்தில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கோட்டை கட்டியவர்கள் வந்து இறங்கிய காலத்தில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலை வரிசை வரிசையாய் உடையும், அதைத் தாண்டுவதற்கு ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகும் அதை ஓட்டத் தெரிந்த கறுத்த ஆட்களும் வேண்டும். படகு மணலில் தட்டும் இடத்திலிருந்து உலர்ந்த தரை வரைக்கும் அந்த ஆட்களின் முதுகு வேண்டும். சீமைக் கடிகாரமும் பியானோவும், கவர்னரும் கவர்னரின் மனைவியும், மாதாகோயில் மணியும் நீதிமன்றத்து நாற்காலியும் அப்படித்தான் கரையேறின. கரையேறியவர்கள் தங்களைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டு, மதிலுக்கு வெளியே இருந்த எல்லாவற்றுக்கும் கறுப்பர் பட்டணம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு பீரங்கி சுடுவதற்கு வெட்டவெளி வேண்டும் என்று அந்தப் பட்டணத்தை இடித்தார்கள். அது கொஞ்சம் வடக்கே தள்ளி மறுபடியும் முளைத்தது. அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது, பிற்பாடு அந்தப் பெயரின் மேல் ஒரு ராஜாவின் பெயரை ஒட்டினார்கள். துறைமுகம் வந்தது, மணல் சேர்ந்தது, கடல் கிழக்கே விலகிப் போனது, கடல் விட்டுப்போன மணல்மேல் வங்கிகளும் வழக்கு மன்றங்களும் சுங்க அலுவலகங்களும் எழும்பின. படகுக்காரர்களின் பாரந்தாங்கிக் குப்பம் மட்டும் இருந்த இடத்திலேயே, சாலைக்கு மேற்கே, கடல் கண்ணில் படாத ஒரு மீனவர் குப்பமாக இருந்தது. அங்கே தேசராணியின் வீடு முதல் வரிசையில் மூன்றாவது.

குப்பத்து ஆட்களை மட்டும் அலை தள்ளவில்லை. இது முதல் நாள் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் கருவிகளோடு இறங்கி, நனைந்து, கருவிகளைக் காயவைத்துக்கொண்டு போனார்கள். ஓர் அமைச்சர் நேரில் பார்வையிட்டார். அவரை எழுப்பி நிறுத்திய படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நாளிதழ்கள் தங்கம் விலைக்குப் பக்கத்தில் அலையின் உயரத்தைப் போட்டன. நடத்துனர்கள் "அலை வந்துருச்சு, இறங்கு இறங்கு" என்றார்கள், அதைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. இக்கரையில் செருப்பு வைக்கும் கடையும் அக்கரையில் உலர்ந்த லுங்கி வாடகைக்குத் தரும் கடையும் வந்தன, கோப்புகளுக்கு அரிசிப் பையும், கைப்பேசிக்கு இட்லி மாவு உறையும் பழக்கமாயின.

ஆண்கள் விடியற்காலையிலேயே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விடுவதால் தூக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு வந்தது. கூலி பேசக் கூடாது என்பது குப்பத்து வழக்கம், கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். முதல் வாரம் நகரத்தில் ஏராளமானவர்கள் மருத்துவ விடுப்பு எடுத்தார்கள். அந்தப் பெண்களின் முதுகில் ஏறுவதைவிடக் காய்ச்சல் வருவது மேல் என்று நினைத்தவர்கள் யார் யார் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எடுத்திருந்தால் அது ஊரறிந்த கணக்காகத்தான் இருந்திருக்கும். இரண்டாவது வாரம் காய்ச்சல் குறைந்தது. மூன்றாவது வாரம், யார் முதுகில் யார் போவது என்பது பால்காரர் முறைபோலப் பழகிப்போய், எண்பது கிலோ எடையுள்ள ஒரு வழக்கறிஞர் தன்னை வழக்கமாகத் தூக்கும் செங்கேணிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஆப்பிள் வாங்கிக்கொண்டு அவள் வீடு தேடிப் போனார்.

ஒரே ஒரு விதி இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் விழுந்துதான். முதல் நாள் மாலை, காலையில் ஒருத்தி தூக்கிக் கொண்டுபோன ஆளை இன்னொருத்தி திருப்பிக் கொண்டுவரப் பார்த்தபோது இருவரும் குப்புற விழுந்தார்கள். குப்பத்தில் பிறந்தவள் அலையில் விழுந்தது அதுதான் முதல்முறை. பத்திரிகைக்காரர்கள் விளக்கம் கேட்டு வந்தபோது தேசராணியின் கணவர் எட்டியப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் இரும்புக் கயிறு அறுந்து இடதுகால் முழங்காலோடு போன மனிதர். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஏத்தினவன்தான் இறக்கணும்," என்றார். "இது இன்னா புதுசா? கப்பல்முத்து காலத்துலர்ந்து இதான்."

கப்பல்முத்து குப்பத்துச் சாமி. வேப்ப மரத்தடியில் இடுப்புயரக் கருங்கல். அதற்குச் சுருட்டும் வறுத்த நெத்திலியும் படைப்பார்கள்.

"அவரு ஆப்பிரிக்கா ஆளு. சங்கிலி போட்டு கப்பல்ல இட்டாந்தானுங்க. படகு கவுந்து சங்கிலியோட அலையில உருண்டுக்கினு இருந்தவரை, எங்க பாட்டன் ஒருத்தன் முதுகுல போட்டு கரை சேத்தான். மறாநாளு கேப்டன் வந்து, என் ஆளைக் கொண்டாந்து கப்பல்ல ஏத்துன்றான். எங்காளு சொன்னான்: தொரே, ஏத்தினவன்தான் இறக்கணும், வேற ஒருத்தன் தொட்டா ரெண்டு பேரும் முழுவிடுவாங்க. சரி, ஏத்தினவன் எங்கேன்னான் கேப்டன். அவன் ராத்திரியே செத்துட்டான் தொரேன்னான் எங்காளு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? செத்துட்டான்னு சொன்னதே ஏத்தினவன்தான். கேப்டனுக்கு எங்க மூஞ்சி எல்லாம் ஒண்ணு. கப்பல் போயிட்ச்சி. இவரு இங்கியே பொண்ணு கட்டினாரு, படகு தள்ளினாரு, செத்தாரு, சாமியானாரு." எட்டியப்பன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த மனைவியைத் தாடையால் காட்டினார். "தோ, அந்தத் தலைமுடியைப் பாரு. அது சொல்லும்."

"யோவ், என் முடிகிட்ட வராதே," என்றாள் தேசராணி. அன்றைக்கு அது செய்தியாக வந்தது. தலைமுடி பற்றிய வரியை ஆசிரியர் குழு எடுத்துவிட்டது.

தேசராணி தினமும் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர் தாசில்தார் சபாநாயகம். ஐம்பத்தேழு வயது, மனைவி இப்போது இல்லை, சர்க்கரை உண்டு, யார் பேசினாலும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்கும் வழக்கம். முதல் நாள் அவர் தன் உடம்புக்கும் அவள் முதுகுக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்துப் போட்டார். நடு அலையில் துண்டு வழுக்கியது, தாசில்தார் அவள் காதைப் பிடித்துத் தொங்கினார்.

"சார், துண்டு போட்டா வழுக்கும். பயமா கீதா, அருவருப்பா கீதா? பயம்னா கண்ணை மூடிக்கோ."

மறுநாள் அவர் துண்டு கொண்டுவரவில்லை. ஜூலை மாதத்தில் அவர் இட்லிக்கு அரைக்கும் உளுந்து அளவைப் பற்றி அவளிடம் நடு அலையில் சந்தேகம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். பாரந்தாங்கிக் குப்பத்தைக் காலி செய்யும் பொறுப்பு அவருடையது என்பது இருவருக்குமே தெரியும். கரையோர அழகுத் திட்டம் என்ற ஒன்று அலை வருவதற்கு முன்பே முடிவானது. கடலிலிருந்து அரை மைல் தள்ளி இருப்பவர்கள் மீனவர்கள் ஆகமாட்டார்கள், ஆகவே ஆக்கிரமிப்பாளர்கள் என்று அதில் எழுதியிருந்தது. இப்போதுதான் கடல் வாசலுக்கே வந்துவிட்டதே என்று குப்பத்தார் மனுக் கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத கடலைக் கடலாகக் கருத விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. நகரத்துக்குத் தெற்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி அவர்களுக்கு அடுக்குமாடி ஒதுக்கியிருந்தார்கள். எட்டியப்பன் குடும்பத்துக்கு ஐந்தாவது மாடி. தேசராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். லிஃப்ட் இருந்த குழியில் யாரோ கோழி வளர்த்தார்கள்.

"நான் தூக்கிக்கினு எறங்குறேன்," என்றாள் கணவரிடம்.

"மெட்ராசையே தூக்கற. என்னைத் தூக்க மாட்டியா?" என்றார் எட்டியப்பன். "ஆனா தெனம் டீ குடிக்கக் கீழ வரணும்னா தெனம் உன் முதுகுல ஏறணும். ஒரு மாசம் ஏறுவேன். அப்புறம் வாணாம்னுடுவேன்மே. மேலயே குந்திக்குவேன். அப்புறம் நான் கீழ வர்றது நாலு பேரு தோள்லதான்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தேசராணி மறுநாள் நடு அலையில் நின்று, முதுகில் இருந்த தாசில்தாரிடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். அந்த ஆளு வாசல்ல நாற்காலி போட்டு குந்திக்கினு போறவன் வர்றவனை வம்புக்கு இழுக்கணும். அதுக்குத் தரை வேணும். அவ்ளோதான்." தாசில்தார் கண்ணாடியைத் துடைக்க முடியாமல், இரண்டு கையாலும் அவள் தோளைப் பிடித்தபடி, அலை ஓய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குப்பத்தைத் தூக்கிவிட்டால் நகரத்தை யார் தூக்குவது என்று யாருமே கேட்கவில்லையா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கேட்கவில்லை. காலி செய்வது ஒரு துறையின் வேலை. வேலைக்கு வந்து போவது எல்லாத் துறைகளின் பழக்கம். அப்படிப்பட்டது ஒரு கோப்பில் வராது. ஒப்பந்தக்காரர் மாற்று ஆள் தருவார் என்று ஓரத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி காலை வழக்கம்போல தேசராணி தாசில்தாரை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் விட்டாள். பத்து மணிக்கே அவர் திரும்பி வந்து அக்கரையில் நின்றார். வழக்கமான நேரம் இல்லை. அவள் போய்க் குந்தினாள், அவர் ஏறினார். பாதி வழியில் கேட்டாள்.

"சார், பாக்கெட்ல இன்னா?"

"ஆர்டர்மா."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

இரண்டு அலை வந்து போயின.

"நனஞ்சா செல்லுமா?"

"மை அழிஞ்சா செல்லாது. மறுபடி கையெழுத்து வாங்கணும். மேலதிகாரி டெல்லி போறார், பத்து நாளாகும்."

"அப்போ தலைமேல வச்சிக்கோ. அடுத்தது பெரிசு."

அடுத்தது பெரிதாகத்தான் இருந்தது. அவர் காகிதத்தைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார், பிடிமானம் இல்லாமல் சாய்ந்தவரை அவள் பின்கையால் இறுக்கிக்கொண்டாள். இக்கரையில் இறக்கிவிட்டபோது அவருடைய சட்டை மார்பு வரை நனைந்திருந்தது, உத்தரவில் ஒரு சொட்டு இல்லை.

"என்னைக் கீழே போட்டிருக்கலாமே," என்றார் அவர்.

"உன்னை எதுக்கு சார் போடுவேன்?" என்றாள். உண்மையிலேயே அவளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை.

மேற்கிலிருந்து லாரிகள் வந்தன, இயந்திரங்கள் வந்தன, காவலர்கள் வந்தார்கள். கூச்சல் இருந்தது, மண்ணெண்ணெய் டப்பாவை ஒருவர் எடுத்தார், இன்னொருவர் பிடுங்கினார். பதினோரு மணிக்குமேல் குப்பத்தார் பானைகளையும் மெத்தைகளையும் ஏற்றிவிட்டுத் தாங்களே ஏறினார்கள். எட்டியப்பனை அண்டை வீட்டு மணவாளனும் அவன் தம்பியும் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். தேசராணி தன் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பெண் காவலர் இருவர் அருகில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் அக்காவை அன்று காலையில்தான் தேசராணி வங்கிக்குக் கொண்டுபோய் விட்டிருந்தாள். அந்தக் காவலர் கையை நீட்டவும் இல்லை, விலகவும் இல்லை.

இயந்திரம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டபோது தாசில்தார் சபாநாயகம் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தேசராணியின் முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஏறிக்கோம்மா."

"வேணாம் சார். நீ ஏத்தினா நீதான் இறக்கணும்."

"இறக்கறேன். ஏறு."

"யோவ் தாசில்தாரு," என்று லாரியிலிருந்து எட்டியப்பன் கத்தினார், "எங்க வழக்கம் தெரியாம வாய் குடுக்காதே!"

சுவர் விழுந்து புழுதி கிளம்பியது. சுவர் அவள்மேல் விழுந்துவிடுமோ என்று பயந்துதான் அவர் குந்தினார். இதை அவர் பிற்பாடும் மறுக்கவில்லை. தேசராணி அவர் தோளைப் பிடித்தாள். இரண்டு மாதம் அவர் எப்படி அவள் முதுகில் போனாரோ அப்படியே அவள் அவர் முதுகில் போனாள். அவருக்கு மூச்சு வாங்கியது. லாரியின் பின்பலகையில் அவளை உட்கார வைத்தார். வேப்ப மரத்தடிக் கல்லை மட்டும் இயந்திரக்காரர் தொடவில்லை. சாமிக்குத் தனியாக உத்தரவு வேண்டும் என்றார்.

இரண்டு மணிக்கு லாரிகள் அடுக்குமாடிகளின் முன்னால் போய் நின்றன. எல்லோரும் குதித்து இறங்கினார்கள், எட்டியப்பனை மணவாளனும் தம்பியும் இறக்கினார்கள். தேசராணி காலைக் கீழே வைத்தாள். தரை அகப்படவில்லை. பலகையின் விளிம்புக்கு வந்து இன்னும் எட்டி வைத்தாள். தரை அந்த அளவுக்குக் கீழே போனது. நான்கு பெண்கள் சேர்ந்து தூக்கினார்கள், நங்கூரம்போல அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் விட்டுவிட்டார்கள், அவளும் கூந்தலை அவிழ்த்துப் பேன்சீப்பால் வாரத் தொடங்கினாள்.

மூன்று மணிக்குச் செங்கேணி சொன்னாள்: "ஆபீசு விடற நேரம் வந்துரும்."

அது போதுமானதாக இருந்தது. காலையில் அவர்கள் அக்கரைக்குக் கொண்டுபோன அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். மூட்டைகளை மாடிப்படியின் அடியில் குவித்து, வீடு எப்படி இருக்கிறது என்று ஒருத்தியும் ஏறிப் பார்க்காமல், பெண்கள் பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். "போகாதீங்கடி! இன்னைக்கு ஒருநாள் நிக்கட்டும் அவனுங்க, அப்பதான் புத்தி வரும்," என்று ஓர் ஆள் கத்தினார். "அந்த வக்கீலு சக்கர மாத்திரை எடுத்துக்கினு போவல," என்று சொல்லிவிட்டு செங்கேணி போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு பேருந்து மாற வேண்டும். அவர்கள் ஏறிய பேருந்துகளில் நடத்துனர்கள் டிக்கெட் கிழிக்கவில்லை.

லாரி ஓட்டுநர் தாசில்தாருக்குத் தொலைபேசினார்.

"சார், உங்க ஆளு இறங்க மாட்டேங்குது."

"யாருப்பா என் ஆளு?"

"நீங்க தூக்கிப் போட்டீங்களே, அந்தம்மா."

அவர் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது நாலே கால். மாடிப்படி அடியில், மூட்டைகளுக்கு நடுவே நாற்காலியில் எட்டியப்பன் இருந்தார்.

"வாய்யா. நம்ம அரமனையைப் பாரு. அதோ, அஞ்சாவது. சன்னல்ல காக்கா குந்திக்கினு கீது பாரு, அதான். காக்காவுக்கு வசதி."

சபாநாயகம் அண்ணாந்து பார்த்தார். எண்ணிக்கொண்டே மேலே போன அவர் கண் காக்காயிடம் போய் நின்றது. பிறகு படிக்கட்டைப் பார்த்தார். பிறகு எட்டியப்பனின் காலைப் பார்த்தார். லாரியின் பின்னால் போய் நின்றார். தேசராணி கூந்தலை முடிந்துகொண்டு அவரைப் பார்த்தாள். கோபமாக இல்லை. முதுகில் ஏறியவர் எப்போது இறக்கிவிடுவார்கள் என்று காத்திருக்கும் பார்வைதான். அவரே அவள் முதுகில் இத்தனை நாள் அப்படி இருந்ததால் அவருக்கு அது தெரிந்தது.

"எனக்கும் பதினோரு பேரு அக்கரையில நிக்கிறாங்க சார்," என்றாள். "சட்டுனு இறக்கு. எங்க இறக்கணும்னு ஏத்தினவன்தான் சொல்லணும்."

அவர் அங்கே குந்தி அவளை இறக்கியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஒன்பது மாதத்தில் அவருக்கு ஓய்வு. மகள் கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டு எழுதியிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

"டிரைவர், வண்டியைத் திருப்பு," என்றார்.

"எங்க சார்?"

"எங்கே ஏத்தினோமோ அங்கே."

"அப்போ நான்?" என்று எட்டியப்பன் கத்தினார். "யோவ், பொண்டாட்டிய ஏத்திக்கினு புருஷனை விட்டுட்டுப் போறியே, இது இன்னா சர்க்காரு?"

தாசில்தார் அவர் முன்னால் போய்க் குந்தினார்.

"நல்லா யோசிச்சிக்கோ," என்றார் எட்டியப்பன், குரலைத் தாழ்த்தி. "இந்தப் பாரமும் உன் தலையிலதான் வுழும்."

"ஏறுங்க," என்றார் சபாநாயகம்.

முன்னால் இடம் இருந்தும் அவர் பின்னால் அவர்களோடு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சிக்னலில் எட்டியப்பன் அவரிடம் வீட்டில் சமையல் யார் என்று கேட்டார், அவர் நானேதான் என்றார், தேசராணி உளுந்தை அதிகமாகப் போடுகிறார் என்று சொன்னாள்.

குப்பம் இருந்த இடம் செங்கல்லும் ஓலையுமாகக் கிடந்தது. அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது, அலையின் இரைச்சல் கேட்டது, சாலைக்கு அந்தப் பக்கம் நகரத்தின் பாதிப் பேர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள், செங்கேணியும் மற்றப் பெண்களும் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தார்கள். சபாநாயகம் தேசராணியை முதுகில் வாங்கிக்கொண்டு, இடிபாடுகளின் மேல் கால் பதித்துப் பதித்து நடந்தார்.

"வாசல் எது?"

"இன்னும் ரெண்டு எட்டு. சோத்தாங்கை பக்கம். ஆங், இங்க."

அவர் குந்தினார். "இறங்குங்க," என்றார். அவள் காலுக்குத் தரை கிடைத்தது.

அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சாலையை நோக்கிப் போனாள். பதினோரு பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவர் மறுபடியும் லாரிக்குப் போய் எட்டியப்பனையும் நாற்காலியையும் கொண்டுவந்து அதே இடத்தில் இறக்கினார். பிறகு ஒரு செங்கல்மேல் உட்கார்ந்து கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். வழக்கறிஞர் செங்கேணியின் முதுகிலிருந்து இறங்கி, வீடுகள் இருந்த இடத்தைப் பார்த்து, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் செங்கல் அடுக்கத் தொடங்கினார். வங்கிப் பெண் அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களில் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. அந்த வாரத்துக்குள் அடுக்குமாடியில் விட்டவர்களும் மூட்டைகளோடு குப்பத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

தாசில்தாரிடம் விளக்கம் கேட்டார்கள். ஏற்றியது நான், அதனால் இறக்கியதும் நான் என்று எழுதிக் கொடுத்தார். தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். செப்டம்பரில் வேறொரு அதிகாரி லாரிகளோடு வந்தார். இந்த முறை குப்பத்தார் யாரும் தாங்களாக ஏறவில்லை. ஏற்றிவிடுங்கள் என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒப்பந்த ஆட்கள் கிட்ட வந்து பார்த்துவிட்டு, "ஏத்தினா நாங்கதானே இறக்கணும்?" என்று கேட்டார்கள். காவலர்களும் அதையே வேறு சொற்களில் கேட்டார்கள். அதிகாரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மதியம் வரை நின்ற லாரிகள் காலியாகத் திரும்பின. அடுத்த முறை லாரிக்கே ஆள் கிடைக்கவில்லை.

அலை நிற்கவில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் உயர்ந்தது, தை மாதத்தில் இறங்கியது. சபாநாயகத்துக்கு இப்போது அக்கரையில் வேலை இல்லை. ஆனாலும் காலையில் வந்து, எட்டியப்பனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துவிட்டுப் போனார். "இன்னா தாசில்தாரு, இன்னைக்கு யாரை எங்க தூக்கப் போற?" என்று எட்டியப்பன் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

2015 செப்டம்பர் ஏழு, திங்கட்கிழமை, ஆக்கிரமிப்பு என்று எழுதப்பட்டிருந்த பாரந்தாங்கிக் குப்பத்துக்கு அரசுக் குடிநீர்க் குழாய் இணைப்பு கொடுக்கப்பட்டது.